பொடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஓடியவர்

தாங்குதிறன் ஆய்வு நிலையத்துக்கு ஆறு மாடிகள். மனித உடம்பு எவ்வளவு தூரம் ஓடும், எதைத் தின்றால் இன்னும் கொஞ்சம் ஓடும் என்பதையெல்லாம் கண்டுபிடிப்பதற்காக அரசாங்கம் கட்டிக்கொடுத்த கட்டடம். வாசலில் ஆளுயரப் பலகை ஒன்று இருந்தது. 'முடிகிற வரை அல்ல, முடியாதபோதும்!' என்று அதில் எழுதியிருந்தது. அந்தப் பலகைக்குக் கீழே தினமும் காலையில் விஞ்ஞானிகள் கோப்பும் கையுமாகக் கூட்டமாக நிற்பார்கள். லிஃப்டுக்காகத்தான். முதல் மாடிக்குப் போகிறவர்களும் நிற்பார்கள். பக்கத்திலேயே படிக்கட்டு இருந்தது. உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காததால் அதில் யாரும் ஏறுவதில்லை.

லிஃப்டுக்குள் ஒரு முக்காலி. அதில் நாள் முழுக்க உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றே கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே கூப்பிடலாம். உட்கார்ந்தே பார்க்கிற உத்தியோகம்தான், ஆனால் அந்த ஆறு மாடியிலும் ஓடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். விடிவதற்கு முன்னால் எழுந்து ஆற்றுப் பாலம் தாண்டிப் போய், ஊர் எழுந்திருக்கும்போது வியர்வை சொட்டச் சொட்டத் திரும்பி வருவார். குளித்துச் சீருடையை மாட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிடுவார். நிலையத்தில் இது ஒருவருக்கும் தெரியாது. அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று "நாலு", "அஞ்சு" என்று மாடியைச் சொல்வதோடு அவர்கள் வேலை முடிந்துவிடும். முகத்தைப் பார்க்கிற வழக்கம் இல்லை.

வருடத்துக்கு ஒருமுறை நாட்டின் நெடுந்தூர ஓட்ட அணிக்குத் தேர்வு ஓட்டம் நடக்கும். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். முதல் பத்துப் பேருக்கு அணியில் இடம். லிஃப்ட்காரர் போன வருடம் பதினோராவதாக வந்தார். அந்த ஒரு இடத்தை நினைத்து அவர் தூங்காத இரவுகளை அவருடைய மனைவியைக் கேட்டால் சொல்வாள். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். ஆக, இந்த வருடம் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை.

மனைவி சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைக்கிறவள். ஓட்டத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வருடமும் ஓட்டத்தன்று விடுப்பு எடுத்துக்கொண்டு, மரக்கடை வளைவில் போய் நின்றுவிடுவாள். கையில் ஒரு நீலப் பாட்டில் இருக்கும். அதில் தண்ணீர், கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சர்க்கரை. அவர் ஓடிவரும்போது கூடவே நாலு எட்டு ஓடிப் பாட்டிலைக் கையில் கொடுப்பாள். அவர் குடித்துவிட்டுத் தூக்கிப் போடுவார். அவள் பொறுக்கியெடுத்து, கழுவி, அடுப்படி அலமாரியில் மேல் தட்டில் கவிழ்த்து வைப்பாள். அவர்கள் வீட்டு விளையாட்டு விஞ்ஞானம் மொத்தமே அவ்வளவுதான்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் மின்தடை வடிவத்தில் கெட்ட காலம் வந்தது.

இயக்குநர் தனியாக லிஃப்டில் ஏறிய ஒரு நாள், மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே மின்சாரம் போய்விட்டது. இருட்டு என்றால் இயக்குநருக்கு ஆகாது. அவர் பயத்தை மறைக்கப் பேச்சுக் கொடுத்தார். லிஃப்ட்காரர் அவருடைய பயத்தைப் போக்கப் பதில் சொன்னார். அப்படியே ஓட்டக் கதை வெளியே வந்துவிட்டது.

"அடேயப்பா! இத்தனை வருஷமா நம்ம கட்டடத்துக்குள்ளயேவா இருக்கீங்க?" என்றார் இயக்குநர். "தம்பி, இனிமே நீங்க தனி ஆள் இல்ல. இந்த நிலையமே உங்க பின்னாடி நிக்குது. பத்துக்குள்ள உங்களைக் கொண்டுவர்றது என் பொறுப்பு."

இருட்டில் தடவிப் பிடித்துக் கையைக் குலுக்கினார். மின்சாரம் வந்தது. இயக்குநர் இறங்கிப் போய்விட்டார். லிஃப்ட்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று பாதிப் பேரை வேறு மாடியில் இறக்கிவிட்டார்.

இரவு மனைவியிடம் சொன்னார். "கையைப் புடிச்சுக் குலுக்கினாருடி."

"சரி, குலுக்கட்டும்."

"தம்பின்னு கூப்பிட்டாரு."

"அதான் ஏற்கெனவே ரெண்டு தடவை சொல்லிட்டீங்களே, சாப்பிடுங்க" என்றாள் அவள். ஆனால் அவளுக்கும் சந்தோஷம்தான். புருஷனை ஒருவன் மதித்தால் யாருக்குத்தான் கசக்கும்?

மறுநாளே அவரை ஐந்தாவது மாடிக்குக் கூப்பிட்டார்கள். அங்கேதான் அமினோ அமிலத் துறை. தலைவி ஒரு பெரிய டாக்டர். நோய்க்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். நிலையத்தில் அவருக்குப் பொடி டாக்டர் என்று பெயர். அவர் ஒரு தகர டப்பாவைத் திறந்து, வெள்ளைப் பொடியை ஒரு கரண்டி எடுத்து நீட்டினார்.

"தசை களைக்குது இல்லையா, ஏன் களைக்குது? அமினோ அமிலம் பத்தல. இதைச் சாப்பிட்டா களைக்கிறதுக்குத் தசைக்கு நேரமே இருக்காது."

லிஃப்ட்காரர் பணிவாகக் கரண்டியை வாங்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். "கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா மேடம்? கரைச்சுக் குடிக்க?"

அறையில் இருந்த உதவியாளர்கள் கெட்ட வார்த்தையைக் கேட்டதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்கள். பொடி டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தண்ணி எங்க துறை இல்ல" என்றார் தாழ்ந்த குரலில். "அது நாலாவது மாடி. நீரேற்றத் துறை. இந்தப் பொடியில ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும், வர்ற பலன்ல பாதி எங்களுதுன்னு அவங்க வந்து நிப்பாங்க. அமினோ அமிலம் சொந்தக் கால்ல நிக்கும். நீங்க அப்படியே முழுங்குங்க."

முழுங்கினார். எட்டிக்காய்க் கசப்பு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். வாயைத் திறக்க முடியாததால் தலையை ஆட்டினார். 'மிகுந்த திருப்தி' என்று பதிவு செய்துகொண்டார்கள்.

நாலாவது மாடி நீர் டாக்டர் இன்னும் நுட்பமானவர். அந்த மாடிக்குக் குழாயில் தண்ணீர் ஏறாது. மோட்டார் பழுதாகி வருடக்கணக்காகிறது. நீரேற்றத் துறைக்கு வேண்டிய தண்ணீரைக் கேன் கேனாக லிஃப்டில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பவரே நம்முடைய லிஃப்ட்காரர்தான். எனவே நீர் டாக்டரை அவருக்கு நன்றாகத் தெரியும். நீர் டாக்டருக்குத்தான் அவரைத் தெரியவில்லை.

"தாகம் எடுத்தா தண்ணி குடிக்கிறது விஞ்ஞானம் இல்ல" என்று ஆரம்பித்தார் நீர் டாக்டர். "அதை மாடுகூடச் செய்யும். தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடி குடிக்கிறதும் தப்பு, பின்னாடி குடிக்கிறதும் தப்பு. எப்பக் குடிக்கணும்னு எங்க குழு முடிவு பண்ணும்."

"குழு எப்பங்க சார் கூடும்?"

"தலைவர் பதவி காலியா இருக்கு. நிரப்பினதும் கூடும்."

அதுவரைக்கும் லிஃப்ட்காரர் தினமும் ஒரு சின்னப் புட்டியில் சிறுநீரைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. உடம்பில் நீர் போதுமா, போதாதா என்று நிறத்தை வைத்துச் சொல்வார்களாம். சுவரில் மஞ்சள் நிறப் பட்டை ஒன்று தொங்கியது, வெளிறிய மஞ்சளிலிருந்து அடர்த்தி வரை. ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து, புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விவாதித்தார்கள். ஒருவர் எலுமிச்சை என்றார். இன்னொருவர் வைக்கோல் என்றார். மூன்றாமவர் தம் மனைவியின் ஒரு புடவையைக் குறிப்பிட்டு, சரியாக அந்த நிறம் என்றார். ஒருமித்த கருத்து வராததால், புடவையை நேரில் கொண்டுவந்து பார்ப்பது என்று கூட்டத்தை ஒத்திவைத்தார்கள். புட்டி ஜன்னலோரத்திலேயே இருந்தது. புடவை வந்துசேர்ந்தபோது புட்டியின் நிறம் மாறியிருந்தது. உடனே இது மிக முக்கியமான கண்டுபிடிப்பு என்று மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று.

இதையெல்லாம் பார்த்து லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவு படித்தவர்கள் தன்னுடைய சிறுநீரைச் சுற்றி உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்கிறார்களே என்று அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. இருபது வருடமாகத் தனியாக ஓடிய மனிதன். ஒரு பயல் 'எப்படி ஓடுறே?' என்று கேட்டதில்லை. அப்படிப்பட்டவனுக்கு ஆறு மாடிக் கட்டடம் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது என்றால் சும்மாவா?

ஓட்டத்துக்கு முந்தின நாள் இயக்குநர் அறையில் உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். பொடி டப்பாவின் மேல் ஒரு கையும், காலித் தண்ணீர்க் கேனின் மேல் ஒரு கையுமாக நின்று, இயக்குநர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்.

"நிலையம் தருவதைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்க மாட்டேன். வெளியாள் எவரிடமிருந்தும் ஒரு சொட்டும் வாங்க மாட்டேன்."

"வெளியாள்னா யாருங்க சார்?"

"நிலையத்துல வேலை பார்க்காத எல்லாரும்."

"என் வீட்டம்மா மட்டும் மரக்கடை வளைவுல…"

"நிலையத்துல வேலை பார்க்கிறாங்களா?"

"இல்லைங்க சார்."

"அப்பறமென்ன தம்பி?" இயக்குநர் தோளில் கை போட்டார். "உப்பையும் சர்க்கரையையும் கலக்கிக் குடுத்து ஜெயிச்சிட முடியும்னா, ஆறு மாடி எதுக்கு?"

நியாயமான கேள்விதான். லிஃப்ட்காரர் மட்டும் அதைத் திருப்பிக் கேட்டிருந்தால் இந்தக் கதையே வேண்டியதில்லை.

அன்று ராத்திரி வீட்டில் அவர் விஷயத்தை மென்று விழுங்கிச் சொன்னார். மனைவி அலமாரியிலிருந்து நீலப் பாட்டிலை எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"நான் வெளியாளா?"

"நான் சொல்லலடி. நிலையம் சொல்லுது."

"அப்ப நாளைக்கு நான் வர வேணாம்."

"வா. வந்து பாரு. பாட்டில் மட்டும் வேணாம்."

"பாட்டில் இல்லாம நான் எதுக்குங்க வளைவுல நிக்கணும்? எனக்கு ஓட்டத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்றாள் அவள். சொல்லிவிட்டுப் பாட்டிலைத் தொடர்ந்து கழுவினாள். அவள் கழுவிய வேகத்தைப் பார்த்து அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஓட்டம் தொடங்கியது. லிஃப்ட்காரர் அப்படி ஒருநாளும் ஓடியதில்லை. கால் தரையில் பாவவில்லை. பாதி தூரத்தில் பத்தாவது ஆளாக வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் பதினோராவதாகத் தபால்காரர் ஒருவர். இருவரும் வருடா வருடம் பார்த்துத் தலையசைத்துக்கொள்கிற பழக்கம் மட்டும் உண்டு.

முதலில் வந்தது வழியில் நிலையம் போட்டிருந்த பொடி மேசை. பந்தல், பதாகை, பாண்டு வாத்தியம், புகைப்படக்காரர் என்று அமர்க்களம். ஓடிவருகிற ஒவ்வொருவர் வாயிலும் ஒரு கரண்டிப் பொடியைத் திணித்து, கரண்டி வாயில் இருக்கும்போதே படம் எடுத்தார்கள். லிஃப்ட்காரருக்கு மட்டும் நம்ம ஆள் என்ற உரிமையில் மூன்று கரண்டி. பொடி வாய்க்குள் பசையாகி, தொண்டையை அடைத்துக்கொண்டு நின்றது. மற்றவர்களுக்கு அவரவர் பயிற்சியாளர் சைக்கிளில் வந்து தண்ணீர் கொடுத்துக் கழுவிவிட்டார். லிஃப்ட்காரருக்கும் தபால்காரருக்கும் பயிற்சியாளர் கிடையாது.

அடுத்தது தண்ணீர் மேசை. கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர் வரிசையாக மினுமினுத்தது. லிஃப்ட்காரர் கையை நீட்டினார். நீர் டாக்டர் குவளையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"பொடி சாப்பிட்டீங்களா?"

லிஃப்ட்காரர் தலையை ஆட்டினார்.

"அப்ப முடியாது. உங்களுக்குக் குடுத்தா எங்க தண்ணியோட பலன் பொடிக் கணக்குல போயிடும். வேணும்னா தண்ணியை ஒரு தடவை நல்லாப் பாத்துட்டுப் போங்க. தண்ணியைப் பார்த்தா ஓட்டக்காரர் என்ன ஆகிறார்னும் ஒரு ஆராய்ச்சி இருக்கு."

பார்த்துவிட்டு ஓடினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மரக்கடை வளைவு வரும்போது வியர்வை நின்று தோல் காய்ந்துபோயிருந்தது. அப்போதும் அவர்தான் பத்தாவது.

வளைவில் மனைவி நின்றாள். கையில் நீலப் பாட்டில்.

அவரைப் பார்த்ததும் வழக்கம்போலப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே ஓடிவந்தாள். "என்னங்க, வாயெல்லாம் வெள்ளையா இருக்கு. ஒரு வாய் குடிங்க. யாரு பாக்கப் போறா? ஒரு வாய்!"

பாட்டிலுக்குள் தண்ணீர் தளும்புகிற சத்தம் அவர் காதில் விழுந்தது. கை தானாக எழுந்தது. அப்போது இருட்டில் தடவி வந்து பிடித்த அந்தக் கை நினைவுக்கு வந்தது. தம்பி என்ற குரலும் வந்தது. எழுந்த கையை வேண்டாம் என்று ஆட்டினார். ஓடினார். பின்னால் அவளுடைய காலடிச் சத்தம் கொஞ்ச தூரம் வந்து நின்றுபோனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்திருந்தால் நின்றிருப்பார்.

ஓட்டம் முடிகிற மைதானத்தின் வாசல் தெரிகிற இடத்தில் அவர் விழுந்தார். வாசல் வளைவும் அதில் கட்டியிருந்த கொடிகளும் தெரிந்தன. எழுந்திருக்கப் பார்த்தார். கால் யாருடையதோபோல் கிடந்தது. ஒருவர் அவரைத் தாண்டிக்கொண்டு போனார். காலணியை வைத்துத் தபால்காரர் என்று தெரிந்தது.

மருத்துவமனையில் கண் விழித்தபோது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலின் இரு பக்கமும் பொடி டாக்டரும் நீர் டாக்டரும் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் இல்லாததால்தான் விழுந்தான் என்றால் அது நீரேற்றத் துறையின் குற்றம் என்றார் பொடி டாக்டர். பொடியைத் தின்றதால்தான் விழுந்தான் என்றார் நீர் டாக்டர். ஏறுகிற பாட்டிலை எந்தத் துறைக் கணக்கில் சேர்ப்பது என்று முடிவாகும்வரை அதை நிறுத்திவைக்கலாமா என்று நர்ஸிடம் விசாரித்தார்கள். நர்ஸ் இருவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அந்த ஓட்டத்தில் எடுக்கப்பட்ட ஒரே சரியான முடிவு அதுதான்.

பிறகு இயக்குநர் வந்தார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"தம்பி, துறைகளுக்குள்ள சண்டை வந்துரக் கூடாது. நிலையத்தோட மானம் உங்க கையில இருக்கு. வளைவுல ஒரு அம்மா பாட்டிலைக் காட்டினாங்க இல்ல? அதுக்கப்புறம்தானே உங்களுக்குத் தாகம் எடுத்துச்சு?"

லிஃப்ட்காரருக்கு நாக்கு இன்னும் எழும்பவில்லை. தாகம் அதற்கு வெகு முன்பே எடுத்தது என்று சொல்ல வேண்டும். அது 'ஒரு அம்மா' இல்லை, என் மனைவி என்றும் சொல்ல வேண்டும். இயக்குநர் கையை எடுக்காமல் காத்திருந்தார். இருபது வருடம் மாடி எண்ணைச் சொன்னவர்களுக்கெல்லாம் ஆட்டிய தலை. ஆடிவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு மனைவி கஞ்சி வைத்துக் கொடுத்தாள், காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள், வளைவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அலமாரியின் மேல் தட்டில் நீலப் பாட்டில் இல்லை. கோபத்தில் எறிந்திருப்பாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். கேட்கத் தைரியம் வரவில்லை.

நொண்டிக்கொண்டே வேலைக்குத் திரும்பினார். போன அன்றே இயக்குநரும் பொடி டாக்டரும் லிஃப்டில் ஏறினார்கள். வழக்கம்போல, முக்காலியில் இருப்பது யார் என்றுகூடப் பார்க்காமல், அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள்.

"அந்த ஆள் விழுந்தது நமக்குக் கெட்ட பேர்தானே சார்?" என்றார் பொடி டாக்டர்.

"இதுல கெட்ட பேர் என்னம்மா? விழுவான்னு தெரிஞ்சுதானே எடுத்தோம். தண்ணி இல்லாம ஓடினா யாரா இருந்தாலும் விழத்தான் செய்வான். எங்க விழறான்னுதான் நமக்குத் தெரிய வேண்டியிருந்தது."

"வேற நல்ல ஓட்டக்காரனா எடுத்திருக்கலாமே?"

"நல்ல ஓட்டக்காரனுக்குப் பயிற்சியாளர் இருப்பான். கேள்வி கேப்பான். இவனுக்குக் கேக்கிறதுக்கு யார் இருக்கா? ஒரு பொண்டாட்டி. அதுவும் பாட்டிலை வச்சுக்கிட்டு ரோட்டோரமா நிக்குது."

"தண்ணி குடுத்திருந்தா பத்துக்குள்ள வந்திருப்பானோ?"

"வந்திருப்பான்னுதான் எல்லாரும் சொல்றாங்க" என்றார் இயக்குநர். "எந்த மாடிப்பா இது?"

"ஆறாவது, சார்" என்றார் லிஃப்ட்காரர். கதவைத் திறந்துவிட்டார். அவர்கள் இறங்கிப் போனார்கள். கதவை மூடிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே கீழே போனார், மேலே வந்தார், மறுபடி கீழே போனார். கண்ணைத் துடைத்துக்கொள்ள அந்தக் கட்டடத்தில் அவருக்கு இருந்த இடம் அது ஒன்றுதான்.

அந்த வார இறுதியில் நிலையத்தின் ஆண்டு விழா. ஆறாவது மாடி அரங்கத்தில் நடந்தது. விருந்தாளிகளை எல்லாம் லிஃப்டில் ஏற்றிவிட்டு, லிஃப்ட்காரர் கடைசி வரிசையில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குடும்பத்தோடு வரச் சொல்லி உத்தரவு. இயக்குநர் மேடை ஏறினார்.

"போன ஆண்டு நம் பொடியின் பயனை நிரூபிக்க முயன்றோம். முடியவில்லை. மனம் தளர்ந்தோமா? இல்லை! இந்த ஆண்டு நிரூபிக்கும் முறையை மாற்றினோம். நம் ஆராய்ச்சிக்கு எப்போதுமே பெரிய இடைஞ்சல் ஓட்டக்காரர்கள்தான். அவர்கள் மட்டும் ஓடாமல் இருந்திருந்தால் நம் முடிவுகள் எப்போதோ வெளிவந்திருக்கும்."

பலத்த கைதட்டல்.

"நம் ஊழியர் ஒருவர் ஓடி விழுந்தார். பொடி சாப்பிட்டிருக்காவிட்டால் இன்னும் முன்னாலேயே விழுந்திருப்பார் என்பது என் உறுதியான நம்பிக்கை. ஏன் விழுந்தார் என்று விசாரணைக் குழு ஆராய்ந்தது. நம் துறைகள் மீது எந்தத் தவறும் இல்லை. வெளியாளான ஒரு பெண், சாலையோரம் பாட்டிலைக் காட்டி அவருக்குத் தாகத்தை உண்டாக்கியிருக்கிறார். இதை ஓட்டக்காரரே மருத்துவமனையில் ஒப்புக்கொண்டார்."

மனைவி மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் தம் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  

"தோல்வியைப் பேசியது போதும். வெற்றிக்கு வருவோம்!" என்று இயக்குநர் கையை நீட்டினார். "நம் பொடியைத் தின்று, பத்தாவது இடத்தைப் பிடித்து, நாட்டின் அணியில் சேர்ந்திருக்கும் வீரர்!"

தபால்காரர் மேடைக்கு வந்தார். அவருக்குப் பின்னால் திரையில், வாயில் கரண்டியோடு அவருடைய படம் பெரிதாகத் தெரிந்தது. ஒலிபெருக்கியை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் கூச்சத்தோடு தொண்டையைச் செருமினார்.

"எனக்கு மேடையில பேசத் தெரியாதுங்க. பொடியை நான் துப்பிட்டேங்க. சுண்ணாம்பு மாதிரி வாயை அடைச்சிடுச்சு. தண்ணி மேசையில கேட்டேன், பாத்துட்டுப் போன்னாங்க. அதோட நான் முடிஞ்சேன்னுதான் நெனச்சேன். மரக்கடை வளைவுல ஒரு அக்கா அழுதுக்கிட்டு நின்னாங்க. கையில பாட்டில் இருந்துச்சு. அக்கா, அது யாருக்கும் வேணாம்னா எனக்குக் குடுங்கக்கான்னு கேட்டேன். குடுத்தாங்க. அந்தத் தண்ணியிலதாங்க ஓடினேன். பாட்டிலைத் திருப்பிக் குடுக்கணும், யாருன்னு தெரியல. இங்க யாராவது சொல்லுவாங்கன்னுதான் எடுத்துட்டு வந்தேன்."

தோள்பையிலிருந்து நீலப் பாட்டிலை எடுத்துத் தூக்கிக் காட்டினார்.

 இயக்குநர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "கேட்டீர்களா! துப்பிய பிறகும் வேலை செய்கிற பொடி! உலகத்தில் வேறு எங்காவது உண்டா?" பொடி டாக்டர் எழுந்து கும்பிட்டார். நீர் டாக்டரும் எழுந்தார். பாட்டிலில் இருந்தது நீர் என்பதால் இந்த வெற்றி முழுக்க நாலாவது மாடிக்கே சேரும் என்றார். பொடி டாக்டர் மறுத்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் தபால்காரரின் கையில் இருந்த பாட்டிலைப் பிடித்து இழுத்தார்கள். பாட்டிலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வாசலில் காட்சிக்கு வைப்பதாக இயக்குநர் அறிவித்துச் சமாதானம் செய்தார்.

லிஃப்ட்காரரின் மனைவி எழுந்தாள். வரிசைகளுக்கு நடுவே நேராக நடந்து மேடைக்குப் போனாள்.

"இது என் பாட்டில்" என்றாள். அவர்கள் பிடியை விட்டார்கள். வாங்கிக்கொண்டு வெளியே போனாள்.

லிஃப்ட்காரர் நொண்டி நொண்டிப் பின்னாலேயே வந்தார். அவள் லிஃப்டுக்கு நிற்கவில்லை. உடைந்த நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டு படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு மாடி இறங்கி, ஐந்தாவது மாடித் திருப்பத்தில்தான் அவளைப் பிடிக்க முடிந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"அவருக்குக் குடுத்தியா?"

"கேட்டாரு, குடுத்தேன்."

"எனக்குப் பின்னாடி வந்தவருடி அவரு. நான்தான் பத்தாவதா இருந்தேன். உனக்குத் தெரியாதா?"

"தெரியும். எண்ணிக்கிட்டேதான் நின்னேன்."

"தெரிஞ்சுமா குடுத்த?"

அவள் நின்று திரும்பினாள். "ஓட்டத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. வாய் காஞ்சு ஒரு மனுஷன் கையை நீட்டினா தண்ணி குடுக்கணும்னு மட்டும் தெரியும். முதல்ல உங்களுக்குத்தான் நீட்டினேன். நீங்க கையை ஆட்டிட்டுப் போயிட்டீங்க."  "போனது போகட்டும்னு இருந்தேன். என்னாலதான் தாகம் எடுத்துச்சுன்னு சொன்னீங்களாமே. அதை நீங்களா சொன்னீங்க?"

தலையைத்தான் ஆட்டினேன், வாயால் சொல்லவில்லை என்று சொல்ல வந்தார். சொல்லவில்லை. லிஃப்டுக்குள் கேட்டதைச் சொல்லலாமா என்று பார்த்தார். அவர்கள் தன்னை ஏமாற்றியதைச் சொன்னால், தான் இவளை ஏமாற்றியது இல்லையென்று ஆகிவிடுமா? வாய் உலர்ந்துபோயிருந்தது.

மேலே விழா முடிந்துவிட்டது போலிருக்கிறது. லிஃப்ட் மணி அடிக்க ஆரம்பித்தது. ஆறாவது மாடியில் மொத்த நிலையமும் லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தது. இருபது வருடப் பழக்கத்தில் அவருடைய கால் தானாக மேல் படியை நோக்கித் திரும்பியது. மனைவி அந்தக் காலைப் பார்த்தாள். அவர் காலைக் கீழே இறக்கினார். மணி விடாமல் அடித்தது.

"தாகமா இருக்கு" என்றார் அவர்.

அவள் நீலப் பாட்டிலின் மூடியைத் திறந்து கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டுகூட இல்லை.

"வீட்டுக்கு வாங்க" என்றாள். "குழாய்ல தண்ணி வருது. நீங்களே பிடிச்சுக் குடிச்சுக்குங்க."